போர்-ரோயாலின் தனிவாசிகள்: ஓர் அரசவையாளர் தோட்டக்காரரான கதை

17-ஆம் நூற்றாண்டுப் பிரான்சைப் பற்றிப் படிக்கப் போனால் 'சொலித்தேர்' என்றொரு சொல் அடிக்கடி கண்ணில் படும். தனித்து வாழ்பவர் என்று பொருள். தமிழில் துறவி என்று எழுதிவிட்டுப் போகலாம்தான், ஆனால் பாதி விஷயம் கைநழுவிவிடும். துறவி என்றால் அங்கி, வார்த்தைப்பாடு, மடத்துத் தலைவர், சபை ஒழுங்கு எல்லாம் கூடவே வரும். இவர்களுக்கு அது எதுவும் கிடையாது. பெரும்பாலோர் குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர். யாரும் இவர்களைக் கட்டிப்போடவில்லை, எந்த நாளும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். வக்கீல்கள், படைவீரர்கள், மருத்துவர், பிரபுக்கள் எனப் பல இடங்களிலிருந்து வந்து, பாரிசுக்குத் தென்மேற்கே ஷெவ்ரோஸ் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தின் அருகில் தங்கி, ஜெபமும் மண்வெட்டியும் பேனாவுமாக வாழ்ந்தார்கள். மடத்தின் பெயர் போர்-ரோயால். இவர்களை இங்கே தனிவாசிகள் என்று சொல்கிறேன்.

இதை விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து போனால் நிற்கும். நான் பின்தொடரச் சொல்வது ரொபேர் அர்னோ தாந்தியி (1589–1674) என்பவரை. இவரைவிடக் கடுந்தவம் செய்தவர்கள் அங்கே இருந்தார்கள், இவரைவிடப் பெரிய அறிவாளிகளும் இருந்தார்கள். ஆனால் அரண்மனையை விட்டு வருவது என்றால் உண்மையில் எதை விடுவது, எதைக் கூடவே கொண்டுவருவது என்ற கேள்விக்கு இவர் வாழ்க்கையில் கிடைக்கிற பதில் வேறு யாரிடமும் கிடைக்காது.

அர்னோ குடும்பம் பாரிசின் பெரிய வக்கீல் குடும்பம். தந்தை அந்துவான் அர்னோ, 1594-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் இயேசு சபையாருக்கு எதிராக வாதாடிப் பெயர் வாங்கியவர். அந்தப் பகை பிள்ளைகளின் தலைமுறை வரை தொடர்ந்தது. 20 பிள்ளைகள் பிறந்து 10 பேர் பிழைத்தார்கள். மூத்தவர் ரொபேர். தங்கைகளில் ஒருத்தி ஜாக்லீன். அவளுக்கு 11 வயது நிறைவதற்குள், 1602-இல், போர்-ரோயால் மடத்துத் தலைவியாக அமர்த்திவிட்டார்கள். வயதைக் கூட்டிச் சொல்லி ரோமிலிருந்து அனுமதி வாங்கினார்கள். மகள்களுக்கு மடத்தில் நல்ல பதவி பார்த்து வைப்பது அன்றைய செல்வக் குடும்பங்களில் சொத்துப் பங்கீட்டின் ஒரு பகுதி. அதில் பக்திக்குப் பெரிய இடமில்லை.

ஆனால் அந்தச் சிறுமி, அன்னை ஆன்ஜெலிக் என்ற பெயரில், 16 வயதில் ஒரு கப்புச்சின் சபைக் குருவின் பிரசங்கத்தைக் கேட்டு உண்மையாகவே மனம் மாறிவிட்டாள். மடத்தின் பழைய ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றாள். அந்த ஒழுங்கில் ஒன்று, வெளியார் யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பது. 1609 செப்டம்பர் 25 அன்று பெற்றோரும் அண்ணன் ரொபேரும் வழக்கம்போல வண்டியில் வந்து இறங்கினார்கள். கதவு திறக்கவில்லை. கதவில் இருந்த சின்ன ஜன்னலை மட்டும் திறந்து, பார்வையாளர் அறைக்கு வாருங்கள், கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று பேசுகிறேன் என்றாள் 18 வயது மகள். அப்பா கத்தினார், அம்மா அழுதார். 20 வயது அண்ணன்தான் எல்லோரையும் விட உரக்கத் தங்கையைத் திட்டினார். கடைசியில் அவள் மயங்கி விழுந்தாள், குடும்பம் இளகியது, கதவு மட்டும் திறக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'சிறுகதவு நாள்' என்று பெயரிட்டே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கதவுக்கு வெளியே நின்று கத்திய அந்த அண்ணன், அதே மடத்தின் மதிலோரம் தன் கடைசிக் காலத்தைக் கழிக்க விரும்பி வந்தார். அதற்கு முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆனது. அந்த நீண்ட தாமதம்தான் எனக்கு இவர் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

இடைப்பட்ட காலத்தில் அவர் நல்ல அரசவையாளர். இளம் வயதிலேயே அரசின் நிதி நிர்வாகத்தில் சேர்ந்தார். அமைச்சர்களின் நம்பிக்கைக்குரியவராக இருந்தார். மன்னரின் தம்பி கஸ்தோனின் வீட்டு நிர்வாகத்தில் பதவி வகித்து, 1626-இல் அங்கிருந்து விலக்கப்பட்டார். பிறகு 1630-களில் ரைன் படையின் நிர்வாக அதிகாரியாகப் போனார். அரசி ஆஸ்திரியாவின் ஆனுக்கு அவர்மேல் நிலையான பிரியம் இருந்தது. பிரெஞ்சு அகாதெமியில் இடம் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்றார். 1613-இல் கத்ரீன் லெ ஃபேவ்ரை மணந்தார். இங்கிலாந்தில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவரின் மகள் அவர். பொம்போன் என்ற ஊரின் நிலபுலன் அவர் வழியாகத்தான் குடும்பத்துக்கு வந்தது. ஆளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: சட்டென்று கோபம் வரும், சட்டென்று போகும், நண்பர்களுக்காக ஓடுவார், கடிதம் எழுதினால் எதிராளி கரைந்துபோவார்.

1620-இல் புவாத்தியே நகரில் அவர் சந்தித்த ஒருவர்தான் எல்லாவற்றையும் திருப்பினார். ஜான் துவெர்ஜியே தெ ஒரான் என்பது அவர் பெயர். சேன்-சிரான் மடத்தின் தலைவர் என்பதால் சேன்-சிரான் என்றே அறியப்பட்டார்.

இங்கே கொஞ்சம் இறையியல் தேவைப்படுகிறது. பயப்பட வேண்டாம், ஒரு கிணற்றை வைத்தே சொல்லிவிடலாம். மனிதன் மீட்படைவது யார் வேலை, கடவுளுடையதா மனிதனுடையதா? அன்றைய இயேசு சபை இறையியலாளர் பலர் சொன்னதைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம். கடவுள் எல்லோருக்கும் கயிறும் வாளியும் கொடுத்திருக்கிறார், இறைத்துக் குடிப்பது உன் கையில். ஆதித் திருச்சபையின் அறிஞரான புனித அகுஸ்தினாரைப் பின்பற்றியவர்கள் இதை ஏற்கவில்லை. ஆதாமின் வீழ்ச்சிக்குப் பிறகு இறைக்கும் கைக்கே பலம் போய்விட்டது, அந்தப் பலத்தையும் கடவுள்தான் தர வேண்டும், அதுவே அருள் என்றார்கள். சேன்-சிரானின் நண்பர் ஜான்சேனியுஸ் இதைப் பெரிய லத்தீன் நூலாக எழுதிவைத்துவிட்டு 1638-இல் இறந்தார். நூல் 1640-இல் வெளிவந்தது. ஜான்சனியம் என்று பிற்பாடு பெயர் பெற்றது இதுதான். அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் எதிரிகள். போர்-ரோயால்காரர்கள் தங்களை ஒருபோதும் அப்படி அழைத்துக்கொள்ளவில்லை, அகுஸ்தினாரின் சீடர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

சரி, எல்லாம் கடவுள் தருவது என்றால் ஏன் ஒதுங்கி வாழ வேண்டும், ஏன் தவம்? பலரும் இடறுகிற இடம் இது. ஒருவர் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவுடன், அதாவது பாவங்களை அறிக்கையிட்டவுடன், மன்னிப்பு வழங்கி அனுப்பும் வழக்கத்தைச் சேன்-சிரான் விரும்பவில்லை. மனம் உண்மையாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கக் காலம் வேண்டும், அதற்கு அமைதி வேண்டும் என்றார். நரக பயத்தால் வரும் துக்கம் போதாது, கடவுள்மேல் கொண்ட அன்பால் வரும் மனஸ்தாபம்தான் வேண்டும் என்றார். ஆகவே ஒதுங்குவது என்பது அருளைச் சம்பாதிக்கும் உழைப்பாக அவருக்குத் தோன்றவில்லை. வந்த அருளைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வதற்கான இடமாகத் தோன்றியது. தனிவாசிகளின் வாழ்க்கைக்கு அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வளர்ந்தது.

1637 ஆகஸ்டில் தாந்தியியின் மனைவி மரணப் படுக்கையில் கிடந்தார். பக்கத்தில் இருந்து ஜெபம் சொன்னவர் சேன்-சிரான். அந்த ஜெபத்தைக் கேட்டுக்கொண்டு அறையில் நின்றவர்களில் ஒருவர் தாந்தியியின் தங்கை கத்ரீனின் மகன், அந்துவான் லெ மேத்ர். 29 வயது, பாரிஸ் நீதிமன்றத்தில் அவர் வாதாடினால் கூட்டம் திரளும். அந்த அறையில் அவர் உடைந்துபோனார். சில மாதங்களில் தொழிலை விடுகிறேன் என்று தலைமை நீதி அமைச்சருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பேரும் பதவியும் வேண்டாம் என்று ஒதுங்கினார். போர்-ரோயாலின் முதல் தனிவாசி அவர். பின்னாலேயே அவர் தம்பிகளும் வந்தார்கள். அவர்களில் ஒருவரான லெ மேத்ர் தெ சாசி பிற்காலத்தில் விவிலியத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தவர்.

மனைவியை இழந்தவர் தாந்தியி. ஆனால் உடனே உலகை விட்டவர் மருமகன். தாந்தியிக்கு முடியவில்லை. கரையேற்ற வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள், அரண்மனையில் நண்பர்கள் இருந்தார்கள், அந்த உலகத்தை அவர் மனதார நேசிக்கவும் செய்தார். இதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடிக்காததை விடுவது பெரிய காரியமில்லை. அவர் விட வேண்டியிருந்தது அவருக்கு மிகவும் பிடித்ததை.

1638 மே மாதம் அன்றைய முதலமைச்சர் கர்தினால் ரிஷ்லியு சேன்-சிரானைக் கைது செய்து வேன்சேன் கோட்டையில் அடைத்தார். நல்ல வக்கீல் ஒருவர் திடீரென்று தொழிலை விட்டுவிட்டு ஒரு குருவின் பின்னால் போவது, பயத்தால் வரும் துக்கமே பாவமன்னிப்புக்குப் போதும் என்று ரிஷ்லியுவே எழுதியிருக்க அதை மறுத்துப் பேசுவது, இப்படிச் சேன்-சிரானின் செல்வாக்கு அவருக்கு ஆபத்தாகப் பட்டது. சிறையிலிருந்து கடிதங்கள் ரகசியமாக வெளியே வந்துகொண்டிருந்தன. நண்பரை மீட்க அரண்மனையில் தாந்தியி தட்டாத கதவில்லை. ரிஷ்லியு இறந்த பிறகு, 1643 பிப்ரவரியில்தான் விடுதலை கிடைத்தது. உடல் நலிந்திருந்த சேன்-சிரான் அதே அக்டோபரில் காலமானார்.

அவருடைய உயிலில் தாந்தியிக்கு ஒன்றை விட்டுச் சென்றிருந்தார், தன் இதயத்தை. உவமையாகச் சொல்லவில்லை. உடலிலிருந்து இதயத்தை எடுத்துத் தனியே பாதுகாப்பது அக்காலப் பிரான்சில் இருந்த வழக்கம். அதற்கு ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்: தாந்தியி உலகை விட்டு ஒதுங்க வேண்டும். இருபது வருடம் பொறுத்துப் பார்த்த நண்பர், செத்த பிறகு இப்படி நெருக்கினார். தாந்தியி நண்பரின் கடிதங்களைத் தொகுத்து அச்சிடும் வேலையில் இறங்கினார். 1640-களின் நடுவில், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியபின், போர்-ரோயாலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அரசியிடம் விடைபெற்றபோது அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. போர்-ரோயாலில் மரச்செருப்பு செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பழமரம் வளர்க்கிறார்கள் என்றால் நம்புங்கள், அந்தப் பழத்தை மகாராணி சாப்பிடும்படி செய்வேன் என்று நினைக்கிறேன் என்றாராம். சொன்னபடியே செய்தார்.

அந்த இடம் அப்போது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை தெரியும். 1204-இல் தொடங்கப்பட்ட மடம், பள்ளத்தில், சதுப்பு நிலத்தின் நடுவே இருந்தது. காய்ச்சலில் கன்னியர் அடிக்கடி இறந்தார்கள். அதனாலேயே 1620-களின் நடுவில் எல்லோரும் பாரிசில் வேறொரு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். காலியாகக் கிடந்த பழைய மடத்தில்தான் தனிவாசிகள் குடியேறினார்கள். தாந்தியி வந்ததும் நீரை வடிக்க வாய்க்கால் வெட்டுவது, மண் கொட்டித் தரையை உயர்த்துவது என்று வேலையை முன்னின்று நடத்தினார். படை நிர்வாகம் பார்த்தவருக்கு ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியாதா என்ன. 1648-இல் கன்னியரில் ஒரு பகுதியினர் திரும்பி வர முடிந்ததற்கு இந்த வேலை முக்கியக் காரணம். அவர்கள் வந்ததும் தனிவாசிகள் இடத்தை ஒப்படைத்துவிட்டு மேட்டில் இருந்த கிரான்ஜ் என்ற பண்ணைக்கு ஏறிப்போனார்கள். பள்ளத்தையும் மேட்டையும் இணைத்த படிக்கட்டுக்கு 'நூறு படிகள்' என்று பெயர்.

அந்தப் பண்ணையில் இரவில் எழுந்து ஜெபம் செய்வார்கள், திருப்பாடல்கள் சொல்வார்கள், படிப்பார்கள், அப்புறம் அவரவருக்கு ஏற்ற கைவேலை. ஹாமோன் என்ற மருத்துவர் சுற்று வட்டார ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ரிஷ்லியுவுக்கே உறவினரான பொன்ஷாத்தோ பிரபு, பெயரை மாற்றிக்கொண்டு அங்கே தோட்டக்காரராக வேலை செய்தார். சிலர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். அந்தச் சிறு பள்ளிகளில் படித்த அநாதைச் சிறுவன் ஒருவன்தான் பின்னாளில் நாடகாசிரியர் ரசீன். பாடம் சொன்ன அனுபவத்திலிருந்து 1660-இல் ஓர் இலக்கண நூலும் 1662-இல் ஒரு தர்க்க நூலும் பிறந்தன. மொழியியல் படிப்பவர்கள் இன்றும் அந்த இலக்கணத்தைத் தாண்டிப் போக முடியாது. அரசுக்கு எதிராக எழுந்த ஃப்ரோந்து கலகக் காலத்தில் இவர்களில் பழைய படைவீரர்கள் வாளும் துப்பாக்கியுமாக மடத்தின் மதிலைக் காவல் காத்ததும் உண்டு.

தாந்தியியின் கைவேலை பழமரம். மரத்தைச் சுவரோரம் நட்டு, கிளைகளைச் சுவரில் விரித்துக் கட்டிப் படரவிடுவது அவர் முறை. சுவர் பகலில் வெயிலை வாங்கி இரவில் வெப்பத்தைத் திருப்பித் தரும், பழம் நன்றாகக் கனியும். பேரியும் பீச்சும் பெரிதாக விளைந்தன. கூடைகூடையாக அரசிக்குப் போயின. முதலமைச்சர் கர்தினால் மஸரேன் சிரித்துக்கொண்டே அவற்றை 'ஆசீர்வதிக்கப்பட்ட பழங்கள்' என்பாராம். அந்தக் கூடைகளைச் சின்ன விஷயம் என்று கடந்துவிடக் கூடாது. மடத்தின்மேல் சந்தேகம் கூடிக்கொண்டே வந்த வருடங்கள் அவை. அரண்மனையில் நல்லெண்ணம் கொஞ்சமாவது மிஞ்சியிருந்ததென்றால் அதில் அந்தப் பேரிக்காய்களுக்கும் அவற்றோடு போன கடிதங்களுக்கும் பங்குண்டு.

இனி எழுத்து. அரசவையில் இருக்கும்போதே கிறிஸ்தவக் கவிதைகள் எழுதியவர்தான். ஆனால் நிலைத்தது மொழிபெயர்ப்பு. எகிப்து, சிரியா பாலைவனங்களில் வாழ்ந்த ஆதித் தவசிகளின் வரலாறுகளை 1647 முதல் பிரெஞ்சில் தந்தார். தனிவாசிகள் தங்கள் இருப்பிடத்தைப் 'பாலைவனம்' என்றே சொல்லிக்கொண்டார்கள். மரமும் ஈரமும் நிறைந்த பிரெஞ்சுப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர் பொருந்தியதற்குக் காரணம் இந்த வரலாறுகள்தான். 1649-இல் அகுஸ்தினாரின் 'ஒப்புதல்கள்'. பின்னர் யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸின் பெரிய நூல், அதை முடித்தபோது வயது எண்பதை நெருங்கிவிட்டது. 1670-இல் அவிலா நகரின் புனித தெரேசாவின் நூல்கள்.

லத்தீன் தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் நிறைய இருந்தார்கள். தாந்தியியிடம் இருந்தது வேறு. வரவேற்பறையில் பெண்களும் பிரபுக்களும் பேசிக்கொள்ளும் தெளிவான, இனிமையான பிரெஞ்சு அவர் கையில் இருந்தது. லத்தீன் பள்ளிக்குப் போக வழியில்லாத பெண்களுக்கு அகுஸ்தினார் அவர்கள் பேசும் நடையில் கிடைத்தார். மூலத்தை ஒட்டிச் செல்வதைவிடப் படிக்க இதமாக இருப்பதையே அவர் பெரிதாக நினைத்தார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமானதுதான். ஆனாலும் அந்த இதம் இல்லாமல் அந்த நூல்கள் அத்தனை வீடுகளுக்குள் போயிருக்காது. அரசவை கற்றுக்கொடுத்த மொழியை அவர் வாசலில் விட்டுவிட்டு வரவில்லை.

நட்பையும் விடவில்லை. கடிதக்கலையில் பிரான்சின் பெருமையான மதாம் தெ செவிங்யே அவருடைய நெருங்கிய தோழி. அழகான உடலில் இருக்கும் ஆத்துமாவைக் காப்பாற்றத்தான் தாந்தியிக்கு அதிக ஆவல் என்று அவரை நண்பர்கள் சீண்டுவது வழக்கம் என்று செவிங்யே எழுதியிருக்கிறார். அதே அம்மையார் 1674 ஜனவரியில் ஆறு மணி நேரம் அவரோடு பேசியிருந்துவிட்டுத் திரும்பி, இது பாலைவனம், இது சொர்க்கம் என்று மகளுக்கு எழுதினார். தாந்தியிக்கு அப்போது 84 வயது.

அந்த அமைதி சும்மா கிடைக்கவில்லை. 1653-இல் ஜான்சேனியுஸின் நூலோடு தொடர்புடைய ஐந்து கருத்துகளைத் திருத்தந்தை கண்டித்தார். அந்தக் கருத்துகள் தவறுதான், ஆனால் அவை அந்த நூலில் அந்தப் பொருளில் இல்லை என்று வாதாடினார் தாந்தியியின் கடைசித் தம்பி, 'பெரிய அர்னோ' என்று பெயர் பெற்ற இறையியலாளர். 1656-இல் அவரைச் சொர்போன், அதாவது பாரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியல் பிரிவு, வெளியேற்றியது. அவருக்காகவே கணித மேதை பாஸ்கல் புகழ்பெற்ற எதிர்வாதக் கடிதங்களை எழுதினார். அதே வருடம் தனிவாசிகள் கலைந்து போக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, ஆள் வந்து விரட்டும்வரை காத்திராமல் தாந்தியியே முன்வந்து மஸரேனுக்கு எழுதிவிட்டுக் கிளம்பினார். விரைவில் திரும்பவும் முடிந்தது.

பிற்பாடு நிலைமை மோசமானது. கண்டனத்தை ஏற்கும் அறிக்கையில் எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்ற உத்தரவுக்குக் கன்னியர் பணியவில்லை. 1664 ஆகஸ்டு 26 அன்று பாரிஸ் பேராயர் அதிகாரிகளோடு பாரிஸ் மடத்துக்கு வந்து 12 பேரை வெவ்வேறு மடங்களுக்குப் பிரித்து அனுப்பினார். அனுப்பப்பட்டவர்களில் தாந்தியியின் தங்கை அன்னை அக்னேசும், தாந்தியியின் மகள்களும் இருந்தார்கள். 75 வயது மனிதர் வாசலில் நின்று அவர்களை வண்டிவரை கொண்டுபோய் விட்டார். தன் ஆறு சகோதரிகளும், விதவையான பின் தன் தாயும் கன்னியராகச் சேர்ந்த குடும்பம் அது. தாய் மகளை 'அன்னையே' என்று அழைத்து, அவளுக்குக் கீழ்ப்படிந்தே இறந்தார். அப்படிப்பட்டவர்கள் வண்டி வண்டியாகப் பிரிந்து போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரையும் பொம்போனுக்குப் போகச் சொன்னார்கள். 1669-இல் திருச்சபையோடு ஏற்பட்ட சமாதானத்துக்குப் பிறகுதான் போர்-ரோயால் மூச்சுவிட்டது.

1671-இல் அவர் மகன் சிமோன் வெளியுறவு அமைச்சரானார். நன்றி சொல்ல வந்த முதியவரைப் பதினான்காம் லூயி வெர்சாயில் அன்போடு வரவேற்றார். நீங்கள் ஒரு பாவத்தை அறிக்கையிட வேண்டும், யோசேபுஸ் முன்னுரையில் உங்கள் எண்பது வயதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே என்று மன்னர் விளையாட்டாகச் சொன்னார். உங்களைப் பாலைவனத்திலேயே விட்டுவிட மாட்டேன், கூப்பிட்டனுப்புவேன் என்றும் சொன்னார். அந்தப் பள்ளத்தாக்கின் செல்லப்பெயர் மன்னர் வாய்வரை வந்துவிட்டிருந்தது.

1674 செப்டம்பர் 27 அன்று தாந்தியி போர்-ரோயாலில் இறந்தார். ஐந்து வருடத்தில், 1679-இல், தனிவாசிகளை மன்னர் நிரந்தரமாக வெளியேற்றினார். புதிய கன்னியரைச் சேர்க்கவும் தடை விதித்தார். 1709 அக்டோபரில் எஞ்சியிருந்த வயதான கன்னியரைக் காவலர்கள் வந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அடுத்த சில வருடங்களில் மடத்தை இடித்து, கல்லறைகளையும் தோண்டிவிட்டார்கள். மேட்டில் இருந்த கிரான்ஜ் பண்ணை தப்பியது. இப்போது அது அருங்காட்சியகம். பள்ளத்தில் மடத்தின் அடித்தளக் கற்கள் புல்லுக்குள் தெரிகின்றன, நூறு படிகள் ஏறி மேலே வந்தால் தனிவாசிகள் வளர்த்த வகைப் பழமரங்களை மறுபடி நட்டு வளர்த்திருக்கிறார்கள்.